இரண்டடிக் கல்

மோரிப் கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு அடியில் நின்ற கார் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

நாகையா அதை மணலில் இருந்தே பார்த்தான். மதியம் நிறுத்தும்போது நேராக நின்றதாகத்தான் நினைவு. சவுக்கு ஊசிகள் மெத்தைபோலப் பரவிய தரை சமமாகவும் கெட்டியாகவும் இருந்தது. அருகே போய்க் குனிந்து, பின்பக்க இடது டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். காற்று குறையவில்லை. டயருக்கு மேலே இருந்த ஸ்பிரிங் பட்டைகள்தான் தழைந்திருந்தன. ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படித் தழையுமோ அப்படி. கதவைத் திறந்தான். பின் இருக்கை காலி. அதன் இடது பாதியில் மட்டும் தோல் குழிந்திருந்தது.

வெயிலில் வெந்த தோல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்த காப்பிக் கடை நூர் முகம்மதுவும் சாய்வைக் கவனித்துவிட்டார். தகர டின்னைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நின்றார்.

"என்ன தம்பி, பின்னாடி அரிசி மூட்டை ஏத்தியிருக்கீங்களா?"

"இல்ல. மூணு பேருதான்."

அவர் கூட வந்த வீரம்மாவைப் பார்த்தார். வீரம்மா ஒரு பிடி எலும்பு. "யக்காவ வெச்சு ஸ்பிரிங் தழையாது. பட்டை ஒடஞ்சிருக்கும் லா. கிள்ளான்ல சீனப் பட்டறை இருக்கு, ஞாயித்துக்கிழமையும் தொறந்திருப்பான். மெதுவாப் போங்க. பாந்திங் தாண்டினா ரெண்டு பக்கமும் வாய்க்கால். அங்க நின்னுட்டா வண்டியத் தள்ளக்கூட ஆள் வராது."

மணி நாலரை. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு ஏறக்குறைய ஐம்பது மைல். ஒரே ரோடு.

ஐந்தரை வயது மகள் ரமணி முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கையெல்லாம் சிப்பி. வீரம்மா பின்னால் வலது கதவை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் நாகையாவின் மனைவி இராஜம்மாவின் அக்கா. பத்து வருஷமாகக் கைம்பெண். தங்கை போனதிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வீட்டில் இருக்கிறாள். மடியில் ஒரு மஞ்சள் துணி மூட்டை. காலையிலிருந்து அதை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தும் அங்கே வைக்கவில்லை. காலையில் இதை அவன் கவனித்தானா என்று யோசித்துப் பார்த்தான். நினைவில்லை. பதினான்கு மாதங்களாக அவனுக்குப் பல விஷயங்கள் நினைவில் நிற்பதில்லை.

காரை ஓட்டியவன் அவன். எங்கே போவது என்று சொன்னவள் இராஜம்மா. ஞாயிறுதோறும் சாப்பாட்டை அடுக்குச் சட்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். திரும்பியதும் அவள் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பாள். பிரிக்ஃபீல்ட்ஸில் வேறு யாராவது கார் வாங்கினால் அதை இரவல் கொடுக்கலாம் என்பாள். அந்த நோட்டு இன்னும் டாஷ்போர்டுப் பெட்டியில் கிடந்தது.

பத்துமலை. கீழே நல்ல நிழல். ரமணியின் பிஸ்கட்டைக் குரங்கு பறித்தது. இனி பிஸ்கட் கிடையாது.

செராஸ் ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், குகைக்குள் போவதுபோல. பிள்ளை தூங்கிவிடும்.

உலு கோம்பாக். தண்ணீர் ஜில்லென்று. பாலத்தைத் தாண்டி நிறுத்தினால் அட்டை ஏறாது.

கடைசி வரி: மோரிப். கடல். இறக்கி வைத்த பிறகு.

பிரசவத்துக்கு அவள் சொல்லும் பெயர் ‘இறக்கி வைப்பது’. எட்டாம் மாதத்தில் முன் இருக்கை இடிக்கிறது என்று பின்னால் இடது பக்கம் மாறிக்கொண்டாள். அங்கே காலை நீட்டி, ஒரு கையை வயிற்றுக்கு அடியில் முட்டுக்கொடுத்து உட்காருவாள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் மற்றொரு கையில் மட்டும் குலுங்கும். இறங்கும்போது ரமணி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு வந்து நிற்பாள்.

"தூக்கும்மா."

"எங்கிட்ட சுமை இருக்குடி கண்ணு. இறக்கி வெச்சதும் மொத வேலையா உன்னத் தூக்கிக்கிறேன்."

ஒவ்வொரு முறையும் இதே கேள்வி, இதே பதில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வலிப்பு வந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்தது. பிள்ளை வெளியே வரவில்லை.

அதன் பிறகு ரமணியை யாரும் தூக்கவில்லை. வீரம்மாவுக்கு இடுப்பு வலி. நாகையாவுக்குக் கைகள் எழவில்லை. இன்று அலை காலைத் தொட்டபோதும் குழந்தை திரும்பிக் கைகளை உயர்த்தியது. "அப்பா, தூக்குங்க." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கார் புறப்பட்டது.

ரமணி மைல் கற்களை வாசிக்கத் தொடங்கினாள். எண்களை அவள் கற்றதே அப்படித்தான். இராஜம்மா சொல்லிக்கொடுத்தது. கிள்ளானுக்கு இத்தனை மைல் என்று ஒவ்வொரு கல்லும் சொல்லும். திரும்பும் வழியில் எண் குறையும்.

"இருபத்தஞ்சு."

இடது பக்கம் தென்னந்தோப்பு, வலது பக்கம் தென்னந்தோப்பு. காய்ந்த கொப்பரையின் இனிப்பு நாற்றமும் சேற்று வாடையும் ஜன்னல் வழியாக மாறி மாறி வந்தன. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்னால் ஏதோ கலகலத்தது. மெல்லிய சத்தம். இரும்பு இரும்பில் படுவதுபோல இல்லை. இருந்தாலும் ஜாக்கிக் கைப்பிடியாக இருக்கும் என்று நினைத்தான். ஒரு மைல் கேட்டான். இரண்டு மைல். பிறகு ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்ப் பின்னால் இருந்த கருவிப் பையை அவிழ்த்தான். எல்லாம் துணியில் சுற்றி இறுக்கிக் கட்டியபடி இருந்தன. காலையில் அவனே கட்டியது.

மறுபடி ஏறும்போது வீரம்மாவின் கைகளைப் பார்த்தான். வெறும் கைகள். பத்து வருஷமாக வெறும் கைகள்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல அக்கா. ஏதோ சத்தம்."

அவள் கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். சிறிது தூரம் போனதும், "வரும்போது நிறுத்துறேன்னு சொன்னீங்க" என்றாள்.

கல்லைப் பற்றிச் சொல்கிறாள்.

சுமையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி வைக்க வேண்டும். அவர்கள் ஊர் வழக்கம். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்கவைத்து, ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் விட்டுவிட வேண்டும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் சுமையை அதில் இறக்கி இளைப்பாறுவார்கள். அவர்கள் ஒவ்வொருவர் இறக்கும்போதும் செத்தவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும். முதல் சுமையைப் புருஷன் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் வீரம்மா பதினாறாம் நாளே சொன்னாள். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் சந்தில் வைக்கலாம் என்று இடமும் சொன்னாள். நாகையா கல்லூரியில் படித்தவன். சாலை இலாகாவில் வரைபடம் போடுகிறவன். அவளோடு வாதாட அவனிடம் தெம்பு இல்லை. மறுநாள் ஆபீசில், ரோட்டுக் கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் அய்யாவுவிடம் சொல்லிவிட்டான்.

"புதுக் கல்லுன்னா எழுதிக் கேக்கணும் அய்யா" என்றார் அய்யாவு. "தெலுக் பங்லிமா காராங் தாண்டி, பதினாலாம் மைல்ல மைல் கல்லு மாத்துறோம். பழசு சும்மாக் கெடக்கு. மூணு எடுத்து அங்கயே நட்டுறட்டுமா? உங்களுக்கும் அலைச்சல் இல்ல."

"நட்டுருங்க."

ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மோரிப் ரோடுதானே என்று அப்போது தோன்றியது. இராஜம்மா போக ஆசைப்பட்ட ரோடு. அதற்குமேல் யோசிக்கவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை.

இன்று காலை வரும்போது, அந்த இடத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. காரை நடை வேகத்துக்குக் குறைக்க வேண்டியதாயிற்று. வீரம்மா அவன் தோளைத் தொட்டு, "இங்கதான் தம்பி, நிறுத்துங்க" என்றாள். அவன் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தான். "வரும்போது பார்ப்போம்." வண்டி விலகியது. கார் ஒரு முறை குலுங்கிவிட்டுப் போயிற்று. பள்ளம் என்று நினைத்தான்.

"மோட்டார் போற ரோடு தம்பி இது" என்றாள் வீரம்மா இப்போது, அவன் பின்கழுத்தைப் பார்த்து. "இதுல யாரு தலையில சுமையோட நடந்து வருவா? லோரி போவுது, காரு போவுது. ஒரு வருஷமா ஒருத்தரும் அதுல ஒண்ணும் வெச்சிருக்க மாட்டாங்க."

அவன் கியரை மாற்றினான்.

பாந்திங் கடைத்தெருவைத் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றினார்கள். காருக்குள் ரமணியின் சிப்பிகளின் உப்பு வாடை, ஈரத் தோல், பெட்ரோல் எல்லாம் கலந்து கனத்தன. பிறகு அவற்றுக்கு அடியிலிருந்து வேறொன்று மெல்ல எழுந்தது. முதலில் அவனுக்குப் பெயர் தெரியவில்லை. காரமான, மருந்துபோன்ற, சமையலறை வாசனை. ஒரு மைல் போன பிறகு தெரிந்தது.

ஓமம்.

கடைசி மாதங்களில் வயிற்றுப் பொருமலுக்கு அவள் ஓமத்தண்ணீர் குடிப்பாள். அந்தப் பாட்டில் இப்போது வீட்டில் இல்லை. அவனே குப்பையில் போட்டான்.

"அக்கா, ஓமம் ஏதும் கொண்டாந்தீங்களா?"

"இல்ல."

"மூட்டையில?"

"அரிசியும் தேங்காயும்தான்." அவள் குரல் வறண்டிருந்தது.

அவன் தலைக்கு மேலே இருந்த சிறிய கண்ணாடியில் பார்த்தான். வீரம்மா பக்கத்து ஜன்னல் தெளிவாக இருந்தது. வெளியே தென்னைகள் மழையில் ஓடின. இடது பக்கத்து ஜன்னல் மங்கியிருந்தது. உள்ளே இருந்து. ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பனி படிந்து, சுருங்கி, மறுபடி படிந்தது. படிந்தது. சுருங்கியது. கனத்த மூச்சு விடுகிறவர்கள் ஜன்னலோரம் முகம் சாய்த்தால் அப்படித்தான் படியும்.

அவன் ரோட்டைப் பார்த்தான்.

முப்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்த கார் இருபத்தைந்துக்கு இறங்கியிருந்தது. மிதித்தான். இருபத்திரண்டு. இது மேடு இல்லை. கோலா லங்காட் வட்டாரத்தில் மேடே கிடையாது. இந்த ரோட்டின் வரைபடம் அவன் கையால் போட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் கியரில் எஞ்சின் இழுக்க முடியாமல் திணறியது. இரண்டுக்கு மாற்றினான்.

"பதினேழு" என்றாள் ரமணி. பிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா, மெதுவாப் போங்க. குலுங்குனா வலிக்குதாம்."

"யாருக்கு?"

குழந்தை சிப்பிகளை மடியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது.

"ரமணி, யாருக்கு வலிக்குது?"

"திரும்பிப் பாக்காதீங்க தம்பி" என்றாள் வீரம்மா. மெதுவாகச் சொன்னாள், பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "காலையில அந்த எடத்துல மெதுவாப் போனீங்கல்ல. அப்பவே ஏறிட்டா. நான் நகர முடியாமத்தான் உக்காந்திருக்கேன். என் புடவை முந்தானை அவளுக்கு அடியில மாட்டிக்கிச்சு."

எஞ்சின் இரைந்தது. மழைத் துடைப்பான் ஒரு முறை போய் ஒரு முறை வந்தது. கண்ணாடியில் பார்த்தான். வீரம்மாவின் வெள்ளைப் புடவையின் முந்தானை இருக்கையின் குறுக்கே இழுபட்டு, இடது பாதியில் இருந்த குழிக்குள் போய் முடிந்திருந்தது. அந்த நுனி தட்டையாக அழுந்தியிருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்து குதிக்கலாம். குழந்தை? குழந்தையோடு குதிக்கலாம். இரண்டு பக்கமும் வாய்க்கால். ரோடு ஒரு கோடாக முன்னால் கிடந்தது. எதிரே யாரும் வரவில்லை. பின்னால் பார்க்க முடியாது. கால் பெடலில் இருந்தது. கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. எதையும் எடுக்க முடியவில்லை.

"பதினாறு."

வேகம் பதினைந்து.

கலகல. ஒரு கை வளையல்கள்.

"பதினஞ்சு."

மழை விட்டது. மேகத்துக்கு அடியிலிருந்து வெயில் சாய்வாக வந்து தென்னைகளை மஞ்சளாக்கியது. ரோடு ஆவி விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை. அழகான இடம். அவள் இருந்தால் நோட்டில் எழுதியிருப்பாள்.

முதல் கியர். நடந்து போகிறவன் முந்திவிடுவான். ரேடியேட்டர் மூடியிலிருந்து வெந்நீர் சீறியது. பின்சக்கரக் காப்பில் டயர் உரசி, கரிந்த ரப்பர் நாறியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் போனால் தெலுக் பங்லிமா காராங். அங்கே கடை உண்டு, ஆட்கள் உண்டு.

"பதினாலு."

எஞ்சின் நின்றது.

இடது பக்கம், வாய்க்கால் கரையில், ஈர லாலாங் புல்லுக்கு நடுவே அது இருந்தது.

நாகையா முதல் முறையாக அதைப் பார்த்தான். ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. பிறகு அளவு தெரிந்த கண் தானாக அளந்தது. மைல் கல் தரைக்கு மேலே இரண்டடி. அய்யாவு இரண்டு மைல் கற்களை மைல் கற்களைப் போலவே நட்டு, மூன்றாவதைக் குறுக்கே கிடத்தியிருந்தார். அதன் முகத்தில் பழைய எண் இன்னும் கறுப்பாக இருந்தது.

சுமைதாங்கி தோள் உயரம் இருக்க வேண்டும். குனியாமல் இறக்க வேண்டும்; குனியாமல் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கல்லே.

இது அவன் முழங்கால் உயரம்.

"அய்யோ" என்றாள் வீரம்மா. அவளும் பார்த்துவிட்டாள். காலையில் அவள் கண்ணில் பட்டது புல் மட்டும்தான். "இவ்வளவு தாழ்வாவா? எட்டு மாசக்காரி எப்படித் தம்பி குனிவா?"

அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். முந்தானையை இழுத்தாள். வரவில்லை. இழுத்தாள். நுனி கிழிந்து பின்னால் தங்கியது. இறங்கி ஓடிப்போய், மஞ்சள் மூட்டையைக் கல்லின்மேல் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிக் காரைப் பார்த்தாள்.

கார் சாய்ந்தே இருந்தது.

"புருஷன் வெக்கணும்" என்றாள். "நான் வெச்சா எடுபடாது."

நாகையா இறங்கினான். முன்கதவைத் திறந்து ரமணியை இறக்கினான். "பெரியம்மாகிட்டப் போ." குழந்தை போகவில்லை. காரின் பின்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கைப்பிடி கீழே இறங்கியது.

இடது கதவு திறந்தது. மெதுவாக. முழுதாக. ஸ்பிரிங் பட்டைகள் முனகின. பிறகு கார் ஒரே மூச்சில் நிமிர்ந்தது. மழைநீர் அதன் கூரையிலிருந்து சரிந்து விழுந்தது.

புல் மடங்கியது. ஒரு காலடி. ஒரு இடைவெளி. இன்னொரு காலடி. ஈர மண்ணில் குதிகால் ஆழமாக, விரல்கள் லேசாக. முதுகை வளைத்துப் பின்னால் சாய்ந்து நடக்கிறவளின் அடி. கல்லுக்கு முன்னால் வந்து நின்றது.

மூச்சு. கனத்த மூச்சு.

புல் அசையவில்லை.

காத்திருந்தது.

"குனிய முடியல" என்றாள் ரமணி. சாதாரணமாகச் சொன்னாள். "நான் வாங்கிக்கட்டுமாம்மா?"

குழந்தை ஓரடி எடுத்து வைத்தது. கைகள் இரண்டையும் நீட்டியது.

"ரமணி!"

"ஒரு கை குடுங்க தம்பி" என்று கத்தினாள் வீரம்மா. "பிள்ளை வாங்கிறப் போவுது, நீங்க வாங்குங்க!"

அவன் ஓடினான். குழந்தைக்கும் கல்லுக்கும் நடுவே போய் நின்றான். பதினான்கு மாதங்களாக எழாத கைகள் எழுந்தன. உள்ளங்கைகளை மேலே திருப்பி நீட்டினான்.

முதலில் ஒன்றும் இல்லை. வெயில் மட்டும்.

பிறகு எடை.

ஈரமான எடை. இளஞ்சூடு. ஒரு பக்கம் உருண்டது முழங்கை மடிப்பில் வந்து பொருந்தியது. மறுபக்கம் ஒடுங்கியது மணிக்கட்டில் தங்கியது. கைகளைப் பார்த்தான். ஒன்றுமில்லை. சட்டைக் கையில் மட்டும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

எடை கூடியது.

கல்லில் வைத்துவிடலாம். மூட்டையைத் தள்ளிவிட்டு வைத்துவிடலாம். குனிந்தான்.

இடுப்பு மடங்கவில்லை. முழங்கால் மடங்கவில்லை. கல் அங்கே இருந்தது, காலுக்குப் பக்கத்தில், இரண்டடி உயரத்தில். எட்டவில்லை.

அவன் காதருகே ஒரு நீண்ட மூச்சு வெளிப்பட்டது. மாதக் கணக்கில் நின்றவள் விடுகிற மூச்சு. ஓம வாசனை கன்னத்தில் பட்டது.

வளையல்கள் குலுங்கின. இந்த முறை இரண்டு கைகளிலும்.

அப்போது ஹாரன் கேட்டது. மோரிப் பக்கமிருந்து ஒரு பெரிய கார், ஞாயிற்றுக்கிழமைக் குடும்பம். ஜன்னல் நிறையப் பிள்ளைகள். கூரையில் பாய். ரோட்டோரத்தில் ஒரு மனிதன் கைகளை மடித்து ஏந்தி நிற்பதைப் பார்த்தார்கள். முன்னால் இருந்த அம்மாள் புன்னகை செய்தாள். குழந்தையைத் தாலாட்டுகிறான் என்று நினைத்திருப்பாள். பிள்ளைகள் கையசைத்தன. நாகையா வாயைத் திறந்தான். மூச்சு முழுவதும் கைகளுக்குப் போய்விட்டது. சத்தம் வரவில்லை.

கார் போய்விட்டது.

ரமணி கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தலையை நிமிர்த்தி, ஓர் ஆள் உயரத்தில் எதையோ பார்த்துச் சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"இப்பத் தூக்கும்மா."

"இராஜம்மா, வேணாம்டி." வீரம்மா மண்ணில் விழுந்து, குழந்தையின் ஃபிராக் விளிம்பை எட்டிப் பிடித்தாள். "அவருகிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. விட்டுடுடி தங்கம். நான் வரேன், என்னக் கூட்டிப் போ."

ரமணியின் கால்கள் மண்ணை விட்டு எழும்பின.

ஒரு செருப்பு விழுந்தது. ஃபிராக் விளிம்பு வீரம்மாவின் விரல்களில் நீண்டு, நழுவி, போயிற்று. குழந்தை ஒரு பெண்ணின் இடுப்பு உயரத்தில் வந்து பக்கவாட்டில் பொருந்தியது. கன்னம் எதன்மேலோ சாய்ந்தது. கண்கள் செருகின. பின்தலை முடி, தடவிக் கொடுப்பதுபோல, படிந்தது.

வாய்க்காலுக்கு மேலே. அக்கரையில். தென்னை வரிசைகளுக்குள். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது, எல்லாம் தெரிந்தது. தொங்கிய ஒரு சிறிய கை, நடைக்கு நடை ஆடியது. வளையல் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று.

நாகையா நின்றான்.

அவன் கைகளில் இருந்தது கால் உதைத்தது.